நைட்ரொக்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு

நிலாவெளியில் சுழியோடப் பழகும் தம்பி, தங்கச்சிமார் சிலர் நைட்ரொக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஒட்சிசன் கூடிய சுவாசக் கலவை) பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரித்தான். தாற்றனின் பகுதியமுக்க விதியேதான் இது. கடல்மட்டத்தில் 1 பார் அமுக்கம், ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னுமொரு பார். மொத்தத்தை ஒட்சிசனின் பங்கால் பெருக்கினால் ஒட்சிசனின் பகுதியமுக்கம் வரும்.

நான் பிழைவிட்டது கணக்கில் இல்லை. ஒட்சிசன் கூடினால் இன்னும் ஆழம் போகலாம் என்று நம்பியிருந்தேன். மாதிரி வினாத்தாளில் 36 வீதக் கலவைக்கு 35 மீற்றர் என்று எழுதினேன். படிப்பித்த அண்ணா ஏசவில்லை. "பெருக்கிச் சொல்லு" என்றார். 4.5 தர 0.36, 1.62 வந்தது. வழமையான எல்லை 1.4 பார், 1.6ஐத் தாண்டவே கூடாது; ஒட்சிசனின் அமுக்கம் மிஞ்சினால் வலிப்பு வரலாம். "அங்கே வலிப்பு வந்தால், மூச்சு எடுக்கிற ரெகுலேட்டர் வாயில் நிற்குமா?" என்று கேட்டார். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. பார்வை ஒடுங்கும், காது இரையும், குமட்டும், உதடு துடிக்கும் என்று அறிகுறிகளைப் பாடமாக்குகிறோம். ஆனால் இவை ஒன்றுமே இல்லாமலும் வலிப்பு வரலாம். அதனால்தான் ஆழத்தை மேலேயே கணக்கிட வேண்டும்: 1.4ஐ ஒட்சிசனின் பங்கால் வகுத்து, 1ஐக் கழித்து, 10ஆல் பெருக்குங்கள். 32 வீதத்துக்கு 33.75 வரும். அதை 34 ஆக்காதீர்கள், 33தான். 36 வீதத்துக்கு 28.

இங்கே எல்லோருக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு கண். 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 53 மீற்றரில் 32 வீதக் கலவை 2 பாரைத் தாண்டிவிடும். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 1.32தான், ஆனால் நைதரசன் 5 பாரை நெருங்கி வெறித்த மாதிரி ஆக்கிவிடும். அதற்கு ஈலியம் கலந்த ட்ரைமிக்ஸ் வேண்டும், அது தனிப் பயிற்சி. நைட்ரொக்ஸ் சான்றிதழை நம்பி அங்கே இறங்காதீர்கள், தயவுசெய்து.

செய்முறையில் அவசரப்படாதீர்கள். ஒட்சிசன் வீதத்தை அளக்கும் அனலைசரை வெளிக்காற்றில் 20.9க்குச் சரிசெய்து, சிலிண்டரின் வால்வை மெல்லத் திறந்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். எனக்குத் தந்த சிலிண்டரில் 32 என்று ஒட்டியிருந்தது. அனலைசர் 34.6 காட்டியது. பழைய டேப்பை உரித்துவிட்டு, 34.6, ஆகக்கூடிய ஆழம் 30 மீற்றர், திகதி, கையொப்பம் என்று புதிதாக எழுதி ஒட்டினேன்.