ஃபார்மட் அடிப்பதற்கு முன்

"சிஸ்டம் ஆன் ஆகலை சார், என்னன்னு பாருங்க" என்று கவுன்டரில் மெஷினை வைக்கிறவருக்கு இரண்டாவது வாக்கியம் ஒன்று உண்டு. "உள்ள இருக்கிறது மட்டும் போயிடக் கூடாது." கடைக் கணக்கு, கல்யாணப் போட்டோ, பிள்ளையின் ப்ராஜெக்ட் என்று ஏதோ ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு விண்டோஸ் பென்டிரைவைத் தேடுகிறார்கள். டிஸ்க்கை ஃபார்மட் அடித்து, அதாவது அதில் இருப்பதை அழித்து, புதிதாக ஓஎஸ் போட்டால் அரை மணியில் மெஷின் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் திருத்தவே முடியாத சேதம் பெரும்பாலும் அந்த அரை மணியில்தான் நடக்கிறது. அதனால் ஜாப் கார்டில் கோளாறை எழுதும்போதே, எந்தெந்த ஃபைல் வேண்டும், வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதிவிட வேண்டும்.

ஆன் ஆகவில்லை என்பதற்குள்ளேயே பல கோளாறுகள் இருக்கின்றன. பட்டனை அழுத்தியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் கரன்ட் பக்கம் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) ஓட வேண்டும். ஃபேன் சுற்றியதுமே நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளில் 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும். லேப்டாப்பில் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே இல்லை என்றால் சந்தேகம் முதலில் ரேம் மேல். பொன்னிறக் காண்டாக்ட்டைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். மதர்போர்டே செத்திருந்தாலும், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினால், பின்னால் சொல்லும் பிட்லாக்கர் பூட்டு இல்லாதவரை ஃபைல்கள் கிடைத்துவிடும்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய மெஷின், ஆன் செய்தால் பிராண்டு லோகோ வரும், பிறகு நீலத் திரை வரும் அல்லது பூட் டிவைஸ் இல்லை என்று சொல்லும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கத்தில், தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், குற்றவாளி மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி. அந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் செட்டிங்ஸ் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ ஐடிஇக்கோ மாறியிருந்தால் விண்டோஸால் தன் டிஸ்க்கையே திறக்க முடியாது. பூட் ஆகும் முறைகளான யுஇஎஃப்ஐயும் லெகசியும் இடம் மாறியிருந்தால் பூட் பார்ட்டிஷன் கண்ணுக்கே தெரியாது. பேட்டரியை மாற்றி, பழைய மோடைத் திரும்ப வைத்தால் ஒரு ஃபைலையும் தொடாமல் மெஷின் எழுந்துவிடும்.

டிஸ்க்கிலேயே கோளாறு என்று தெரிந்தால் அங்கே அவசரம் ஆகாது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். உடனே பவரை நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு சுற்றும் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டலாம். அது தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி லேபுக்குப் போக வேண்டிய கேஸ்; செலவு அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னமும் சொல்கிறார்கள். உள்ளே ஈரம் படிந்து, லேபில் மீட்டிருக்கக்கூடியதும் போய்விடும்.

சத்தம் இல்லை என்றால், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்கலாம். 5ஆம் எண், பழுதானதால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட செக்டார்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களை) சொல்லும். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும். அதில் பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் கவனம் தேவை. 199 மட்டும் ஏறியிருந்தால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்; அது பெரும்பாலும் கேபிளில் தகவல் சிதைவதன் கணக்கு.

இந்த நிலையில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது மிகப் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே என்கிற அட்டவணை, முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம். உங்கள் ஃபைல் பிழைக்க வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. நலிந்த டிஸ்க்கில் எழுதி, பொருந்தாதவற்றை வெட்டி, பெயரில்லாத துண்டுகளாகத் தனி ஃபோல்டரில் போட்டுவிடும். டிஸ்க்கை இன்னொரு விண்டோஸ் மெஷினில் மாட்டினாலும் ஆபத்து உண்டு. "ஃபார்மட் செய்யவா?" என்று அதுவே கேட்கும், பழக்கத்தில் ஓகே அழுத்திவிடுவார்கள். அதனால் லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது ஓர் ஓஎஸ்ஸை 8 ஜிபி பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, டிஸ்க்கை ரீட் ஒன்லியாக, அதாவது எதையும் எழுதாமல் படிக்க மட்டும், மவுன்ட் செய்வது நல்லது.

டிஸ்க் ஓரளவு படித்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக, எடுக்க வேண்டும். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும்படி ஓட்டுங்கள். அடுத்த சுற்றில் விட்ட இடங்களை மட்டும் இரண்டு மூன்று முறை முயலலாம். எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலைக் கொடுக்க மறக்கக் கூடாது. நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் துணை. எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை சீரியல் நம்பரை வைத்து உறுதிசெய்த பிறகே என்டர் தட்ட வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க்கில் இருக்கும் வெறுமை கஸ்டமரின் டிஸ்க்கில் போய் உட்காரும். இமேஜ் போகும் டிஸ்க் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கக் கூடாது. ஃபைல் 4 ஜிபியில் நின்றுவிடும். 3.5 இன்ச் டிஸ்க் யுஎஸ்பி கரன்ட்டில் மட்டும் ஓடாது, 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். முடிந்தால் யுஎஸ்பியைத் தவிர்த்து சாட்டா போர்ட்டிலேயே மாட்டுங்கள். பேட் செக்டார் வந்ததும் மலிவான கன்வெர்ட்டர்கள் இணைப்பையே விட்டுவிடுகின்றன.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபி டிஸ்க் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடத்தில் முடியும். நொடிக்கு 1 எம்பிதான் வருகிறது என்றால் பதினொன்றரை நாள் ஆகும். அத்தனை நாள் அந்த டிஸ்க் உயிரோடு இருக்காது. அப்போது ஜாப் கார்டில் எழுதி வாங்கிய பட்டியல் கைகொடுக்கும். கேட்ட ஃபோல்டரை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். பார்ட்டிஷனே காணவில்லை என்றால் எடுத்த இமேஜில் டெஸ்ட்டிஸ்க் ஓட்டலாம். கடைசி வழி ஃபோட்டோரெக். ஃபைலின் தொடக்கக் குறியை வைத்து அது தேடுவதால் படங்கள் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. எஸ்எஸ்டியில் டிரிம் (டெலீட் ஆன இடத்தை உள்ளேயே காலி செய்யும் வசதி) இயங்கியிருந்தால், டெலீட் ஆனது இந்த வழியில் பெரும்பாலும் திரும்பாது.

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் சொந்தக்காரருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகி, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு, இருப்பது உண்டு. மதர்போர்டை மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பதுதான் வைத்தியம். ஆனாலும் பிட்லாக்கர் இருந்த மெஷின்களில் அந்த இடத்துக்குப் போகவே கீ தேவைப்பட்டது. கஸ்டமருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ இருக்கிறதா என்று மெஷினைத் திறப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். கீ இல்லாமல் அதைத் திறக்க யாராலும் முடியாது.

எதைக் காப்பி எடுப்பது என்பதிலும் அனுபவம் பேசும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றோடு நிறுத்தினால் கஸ்டமர் திரும்ப வருவார். டேலி கணக்கு எங்கே என்று டேலி.ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து பாருங்கள். டேட்டா என்ற வரி பாதையைக் காட்டும். எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. ஒன்றையும் விடக் கூடாது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் பெயர் மட்டும் தெரிந்து, உள்ளடக்கம் ஆன்லைனில் இருக்கும் ஃபைல்களும் உண்டு.

டிடிபி சென்டர் மெஷின் என்றால் ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பாமினியில் அடித்த பத்திரமும் அழைப்பிதழும் அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். ஃபைல் பத்திரமாக இருந்தும் அவருக்கு அது போனது போலத்தான். விண்டோஸ் 10இலிருந்து ஒரு யூசர் தனக்கு மட்டும் நிறுவிய ஃபான்ட்கள் அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் கிடக்கும். அங்கேயும் தேட வேண்டும்.

காப்பி கைக்கு வந்தபின் பூட்டைச் சரிசெய்வது சின்ன வேலை. யுஇஎஃப்ஐ மெஷினில் பூட்டைப் பழுதுபார்க்கும் பூட்ரெக் கமாண்ட் அனுமதி இல்லை என்று மறுக்கும்போது, டிஸ்க்பார்ட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து பிசிடிபூட் ஓட்டினால் பெரும்பாலும் எழும். ரெகவரி மோடில் சி டிரைவ் டி ஆகக் காட்டலாம், கவனம். 197 ஏறிய டிஸ்க் என்றால் இதற்கும் மெனக்கெடாமல் புதிய எஸ்எஸ்டி போட்டுவிடலாம்.

கடைசியில் ஃபைல் அளவைப் பார்த்து வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள்; படிக்க முடியாத இடம் பூஜ்யங்களால் நிரம்பியிருந்தாலும் அளவு சரியாகவே காட்டும். டேலியில் கம்பெனியைத் திறந்து கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். பெரிய வீடியோ ஒன்றை நடுவிலிருந்து ஓட்டுங்கள். பிறகு கஸ்டமரைக் கூப்பிட்டு, அவர் கேட்ட ஃபைல்களை அவரே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழிவு டப்பாவில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். விண்டோஸ் ஏறாத அந்த டிஸ்க்கில் அவருடைய ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இன்னும் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கின்றன.