அரிக்கமேடு: ஒரு சிவப்பு ஓட்டில் தொங்கிய காலக்கணக்கு

தென்னிந்தியத் தொல்லியலின் ஆண்டுக் கணக்கில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கையளவு பானை ஓடுகளை நம்பி நின்றது. அவை கிடைத்த இடம், புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு.

1930களில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்கே கிடைத்த மணிகளையும் செதுக்குக் கற்களையும் கவனித்தார். 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். 1945இல் வந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தேடியது புதையலை அல்ல, ஆண்டை. சதுரக் குழிகள், அவற்றுக்கு நடுவே வெட்டாமல் விட்ட மண்சுவர்கள், அந்தச் சுவரின் முகத்தில் தெரியும் ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஓர் எண். ஓடு எடுத்தால் அந்த எண்ணோடுதான் பைக்குள் போகும்.

சிக்கல் இரண்டு. கீழடுக்குகள் நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடந்ததால் நீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. அடுத்தது செங்கல் திருட்டு. பின்னாளில் வந்தவர்கள் சுவரைப் பிடுங்கிப்போன பள்ளத்தில் வேறு காலத்து மண் நிரம்பிவிடும். அதைத் தனியாகப் பிரித்து எண்ணிடாவிட்டால், பிற்கால ஓடு முற்காலக் கணக்கில் ஏறிவிடும்.

வீலருக்குக் கைகொடுத்தவை இத்தாலியின் அரேஸ்ஸோ ஊர்ப்பெயரால் வழங்கும் அரிட்டைன் ஓடுகள். பளபளப்பான சிவப்பு, சிலவற்றில் குயவர் முத்திரையும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை என்று அவற்றின் காலம் இத்தாலியிலேயே தெரிந்திருந்தது. அவற்றை வைத்து, கூடவே கிடைத்த ரௌலட்டட் தட்டுகளுக்கு (உட்புறத்தில் வளையம் வளையமாகச் சிறு வெட்டுக்கோலம் பதித்த உள்நாட்டுத் தட்டுகள்) வீலர் ஆண்டு குறித்தார். 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அதே ரௌலட்டட் ஓடுகளைக் கொண்டு பெருங்கற்காலத்துக்கும் கணக்குப் போட்டார்.

இங்கேதான் இடறல். இறக்குமதி ஓடு, தான் கிடக்கும் அடுக்கு தன்னைவிடப் பழையதல்ல என்று மட்டுமே சொல்லும். கூடக் கிடக்கும் உள்நாட்டுப் பாண்டம் எப்போது தொடங்கியது என்று அதனால் சொல்ல முடியாது. 1947–50இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அரிக்கமேட்டில் இன்னும் முந்தைய குடியிருப்பைக் காட்டினார். 1989–92இல் தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். ரௌலட்டட் தட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரை பின்னுக்குப் போயின. ஆம்போராக்களிலும் (மதுவும் எண்ணெயும் வந்த இருகாதுச் சாடிகள்) ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு முந்தியவை தேறின. அரிக்கமேடு ரோமானியர் வந்து நிறுவிய வணிகத்தளம் என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது. ரௌலட்டட் ஓட்டை மட்டும் நம்பி 'கி.பி. முதல் நூற்றாண்டு' என்று எழுதிய பழைய அகழாய்வு அறிக்கைகளை இன்று அப்படியே மேற்கோள் காட்டக்கூடாது.