301 பிழை போயிற்று: எக்ஸ்டி கணினியில் ஏடி கீபோர்டு

ஒருவழியாக 301 என்ற கீபோர்டு பிழை எண்ணைக் காட்டாமல் என் பழைய ஐபிஎம் எக்ஸ்டி கணினி பூட் ஆகிறது. மாட்டியிருப்பது, அதற்கு அடுத்து வந்த ஏடி கணினி வகைக்கான 101 கீ கீபோர்டு. நடுவில் கன்வெர்ட்டராக, நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஏடிமெகா32யூ4 சில்லு வைத்த சின்ன போர்டு ஒன்று. அம்புக்குறி கீகளை அழுத்திப் பிடித்தாலும் ஓர் எழுத்துகூட விழுந்துபோகவில்லை. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

பிளக் பொருந்துவதை நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1981 பிசி, 1983 எக்ஸ்டி, 1984 ஏடி மூன்றிலும் ஒரே 5 பின் டின் (வட்ட வடிவ) சாக்கெட்தான். ஆனால் ஏடியில் மொழியே மாறிவிட்டது. ஏடியிலிருந்து 1987-இல் வந்த பிஎஸ்/2-க்குப் போக வெறும் ஒயர் மாற்றும் அடாப்டர் போதும். எக்ஸ்டிக்கு அது உதவவே உதவாது, மொழியையே மாற்றித் தரும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். விற்பவர் "அடாப்டர்" என்று சொன்னால் உள்ளே சில்லு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒயரிங் சுருக்கமாக: டின்னில் 1 கிளாக் (ஒவ்வொரு பிட்டும் எப்போது வருகிறது என்று தாளம் காட்டும் ஒயர்), 2 டேட்டா, 4 கிரவுண்டு, 5 என்பது +5 வோல்ட். 3 எக்ஸ்டியில் ரீசெட், அதைச் சும்மா விட்டுவிடலாம். பின்களின் வரிசை 1, 4, 2, 5, 3 என்று போகும். நேராக 1, 2, 3 என்று எண்ணினால் மின்சாரம் தவறான இடத்தில் ஏறும். போதாததற்கு, பிளக்கும் சாக்கெட்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். சாலிடர் செய்யும் முன் மல்டிமீட்டரில் 4-க்கும் கேபினெட் உலோகத்துக்கும் பீப் வருகிறதா, 4-க்கும் 5-க்கும் நடுவே 5 வோல்ட் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

இனி மொழி. எண்களைப் பதின்ம முறையில் தருகிறேன். ஏடி கீபோர்டு ஒரு பைட்டுக்கு 11 பிட் அனுப்பும்: தொடக்க பிட் 0, எட்டு டேட்டா பிட், ஒற்றைப்படை பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்), முடிவு பிட். எக்ஸ்டிக்குப் பாரிட்டியும் இல்லை, முடிவு பிட்டும் இல்லை. தொடக்க பிட் 1, பிறகு எட்டு டேட்டா பிட், அவ்வளவுதான். ஐபிஎம் அசல் கீபோர்டு அந்த 1-க்கு முன்னால் ஒரு 0-வும் சேர்த்து அனுப்பும். அது இல்லாமலும் வேலை நடக்கும். வரும் பிட்களை ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்க்கும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரின் மறுமுனைக்கு அந்த 1 வந்து சேரும்போதுதான், 'பைட் வந்தாயிற்று' என்று கணினிக்குச் சொல்லும் இன்டரப்ட் கிளம்பும். ஏடி நிரலைக் காப்பியடித்துத் தொடக்க பிட்டை 0-வாகவே விட்டால், டேட்டாவுக்குள் இருக்கும் ஏதோ ஒரு 1 அந்த இடத்துக்கு வரும், கன்னாபின்னா எழுத்துகள் கொட்டும்.

கீகளுக்கான எண்களும் வேறு. 'ஏ' கீயை அழுத்தினால் ஏடியில் 28, விட்டால் 240, 28. எக்ஸ்டியில் அழுத்தினால் 30, விட்டால் அதோடு 128 கூட்டி 158. மாற்று அட்டவணை எழுதுவது பொறுமை கேட்கும் வேலை, கஷ்டமான வேலை இல்லை.

கஷ்டம் டேட்டா ஒயரில் இருக்கிறது. ஒரு பைட் வந்து சேர்ந்ததும் எக்ஸ்டி டேட்டா ஒயரைத் தானே 0-வுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) அதைப் படித்துமுடித்து ஒப்புக்கொண்ட பிறகே விடும். இது தெரியாமல் அடுத்த பைட்டை உடனே தள்ளினால் அது காணாமல் போகும். ஒற்றை எழுத்துகளைத் தட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அம்புக்குறியில் பல்லைக் காட்டிவிடும். ஏனென்றால் மேல் அம்புக்குறி 224, 72 என்று இரண்டு பைட். எண் கீகளை இயக்கும் நம்லாக் எரியும்போது, கீபோர்டு தானே சேர்க்கும் 224, 42 என்ற போலி ஷிஃப்டும் முன்னால் சேர்ந்து நான்கு பைட். நடுவில் ஒன்று விழுந்தால் அம்புக்குறிக்குப் பதில் 8 வரும், இல்லையென்றால் ஷிஃப்ட் அமுங்கியபடியே நிற்கும்.

தீர்வு இரண்டு வரி நிரல்: ஒவ்வொரு பைட்டுக்கும் முன் கிளாக், டேட்டா இரண்டும் 1-இல் இருக்கின்றனவா என்று பார், இல்லையேல் காத்திரு. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்த இரண்டு பின்களையும் ஒருபோதும் 1-க்கு ஓட்டாதீர்கள். 0 அனுப்ப அவுட்புட்டாக்கிக் கீழே இழுங்கள். 1 அனுப்ப இன்புட்டாக்கி விட்டுவிடுங்கள். கணினி கீழே இழுக்கும் ஒயரை நாம் மேலே இழுத்தால் இரண்டு பக்கமும் சூடாகும். கீபோர்டு பக்கத்துக்கு 4.7 கிலோஓம் புல்-அப் (யாரும் இழுக்காதபோது ஒயரை 1-இல் வைக்கும் ரெசிஸ்டர்) இரண்டு போட்டேன். சில்லின் உள் புல்-அப் பலவீனமானது. நீளமான சுருள் ஒயரில் சிக்னல் மெதுவாகத்தான் ஏறும்.

301-க்கே காரணம் வேறு. பூட் ஆகும்போது கணினி கிளாக்கைச் சுமார் 20 மில்லிசெகண்டு 0-வில் பிடித்து விடும்; பதிலுக்கு 170 வரவேண்டும். ஏடி கீபோர்டின் சுயசோதனை முடிய அரை வினாடிக்கு மேல் ஆகும். அது அனுப்பும் 170-ஐ அப்படியே கடத்தலாம் என்று காத்திருந்தால் பயாஸ் கைவிட்டுவிடும். கன்வெர்ட்டரே உடனே 170 சொல்லவேண்டும். கீபோர்டு பிறகு சொல்வதை விழுங்கிவிடலாம்.

பழைய கீபோர்டு தேடுகிறவர்களுக்கு: அடிப்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள். நகல் கீபோர்டுகள் பலவற்றில் அடியில் எக்ஸ்டி/ஏடி என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது இருந்தால் மேலே சொன்ன எதுவுமே தேவையில்லை. சில சமயம் அந்த சுவிட்ச் ஒரு மூடிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். மேக்கின்டாஷ் 128கே-க்குத் தொலைபேசிச் சுருள் ஒயரை மாட்டுகிற ஆசை வேண்டவே வேண்டாம்: பிளக் பொருந்தும், ஆனால் அந்த ஒயர் உள்ளே தலைகீழாக இருக்கும், போர்டுக்கே ஆபத்து. அமிகா 4000-இன் சாக்கெட்டும் பிஎஸ்/2 போலத்தான் இருக்கும், பேசுவது வேறு மொழி.

நம்லாக் விளக்கு இன்னும் பாக்கி. எக்ஸ்டி கணினி தன் கீபோர்டுக்கு எதையும் திருப்பிச் சொல்லாது என்பதால் கன்வெர்ட்டரே கணக்கு வைத்து, 237 கட்டளையால் விளக்கை ஏற்றவேண்டும். ஏதாவது ஒரு நிரல் நினைவகத்தில் நேரடியாக நம்லாக்கை மாற்றினால் கணக்கு பிசகும். நம்லாக்கைத் தட்டினால் மட்டும் கணக்கு சேராது, கன்வெர்ட்டரின் கணக்கை மட்டும் திருப்பிப் போட ஒரு தனிக் கீக்கூட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பே கொமடோர் 64 கணினியின் 20 பின் கீபோர்டு மேட்ரிக்ஸ் மேசைக்கு வந்துவிட்டது: 8க்கு 8 கட்டம், ரீஸ்டோர் கீ மட்டும் அதில் சேராமல் தனி ஒயரில்.