பினாங்கு வெயிலில் பின்னல் ஊசி

மலேசியாவின் பினாங்கில் குளிர்காலம் கிடையாது. வருஷம் முழுக்கப் பகலில் 30 டிகிரியை ஒட்டிய சூடு, காற்றில் எப்போதும் ஈரம். இங்கே உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பின்னுகிறேன் என்று சொன்னால், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "அங்கே ஸ்வெட்டர் யாருக்கு?" என்றுதான். ஸ்வெட்டருக்கு இங்கே வேலை இல்லை, உண்மை. ஆனால் பாத்திரம் துலக்க, கை துடைக்க, சந்தைக்குத் தூக்கிப்போக என்று ஒரு வீட்டுக்குத் தினமும் வேண்டியதை எல்லாம் பருத்தி நூலில் பின்னலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு டிபெண்டன்ட் பாஸ், அதாவது வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதி. அந்த பாஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போக முடியாது. திருநெல்வேலியில் பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் காலைச் சமையல் முடிந்தால் பொழுது நகராது. மொழி ஒரு தொல்லையே இல்லை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் மளிகை, பூ, புடவை எல்லாம் தமிழிலேயே பேசி வாங்கலாம். குவீன் ஸ்திரீட்டில் 1833-லிருந்து நிற்கும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. உட்கார்ந்து பேச ஆள்தான் இல்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து சிமெண்டு பெஞ்சில் மாலை நேரங்களில் ஓர் ஆன்ட்டி பின்னிக்கொண்டிருப்பார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ். பக்கத்தில் இரண்டு சீன ஆன்ட்டிகள். ஒருநாள் நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "ஒயர் கூடை போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார். அம்மாவோடு உட்கார்ந்து எத்தனையோ போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப இது வந்துரும். உக்காரு."

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் நாலே வார்த்தை: நுழை, சுத்து, இழு, தள்ளு. ஊசியில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. இடது கை ஊசியில் இருக்கும் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னாலிருந்து பின்னால் நுழைக்க வேண்டும். நூலை அந்த ஊசி முனையில் ஒரு சுற்று. சுற்றிய நூலைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்தால் வலது ஊசியில் புதுக் கண்ணி வந்துவிடும். பழையதை இடது ஊசியிலிருந்து தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி, திரும்ப அதே வேலை. எல்லா வரிசையையும் இப்படியே போட்டால் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாக வரும், ஓரம் சுருளாது. பழகுகிறவர்களுக்கு இந்த ஒரு பின்னலே நீண்ட நாளைக்குப் போதும்.

முதலில் பின்ன வேண்டியது பாத்திரத் துணி. பலரும் மஃப்ளரில் தொடங்கச் சொல்வார்கள். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே மாதிரி பின்னிக்கொண்டே போக யாருக்குப் பொறுமை இருக்கும்? பின்னி முடித்தாலும் பினாங்கில் அதை எங்கே கட்டுவது? பாத்திரத் துணி சட்டென்று முடியும், முடிந்த அன்றே சிங்க்குக்குப் போகும். 8 பிளை (நூலின் தடிமன்) பருத்தி நூல் 50 கிராம் உருண்டை ஒன்று, 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஊசி. 40 கண்ணி ஏற்றினால் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரும். டேப் தேவையில்லை: இரண்டு வரிசைக்கு ஒரு மேடு, 40 மேடு எண்ணி முடித்தால் துணி சதுரமாகிவிடும்.

அடுத்ததாக மூலையிலிருந்து தொடங்கும் சதுரம். இதைத்தான் நான் எல்லோருக்கும் பின்னிக் கொடுக்கிறேன். நாலு கண்ணி ஏற்றி ஒரு வரிசை பின்ன வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கண்ணி பின்னி, ஊசி மேல் நூலை ஒருமுறை போட்டுவிட்டு மீதியைப் பின்ன வேண்டும். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளும் அழகாக விழும். 44 கண்ணி ஆனதும் குறைக்கத் தொடங்கலாம்: ஒரு கண்ணி பின்னி, இரண்டை ஒன்றாகச் சேர்த்து, நூலை மேலே போட்டு, மறுபடி இரண்டை ஒன்றாகச் சேர்த்து, மீதியைப் பின்ன வேண்டும். நாலு கண்ணிக்குத் திரும்பி வந்ததும் முடித்துவிடலாம். கூட்டுவது, குறைப்பது இரண்டும் இந்த ஒரே துணியில் கைக்கு வந்துவிடும்.

நூல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கடையில் பார்க்கப் பளபளப்பாக, விலை மலிவாக இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது தண்ணீரை உறிஞ்சாது. சூடான சட்டியைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். அடுப்புப் பக்கம் அது வரவே கூடாது. 'மில்க் காட்டன்' என்று விற்பதிலும் அக்ரிலிக் கலந்திருப்பது உண்டு, லேபிளைப் படித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். ஊசி மூங்கிலில் இருந்தால் நல்லது; இந்த ஊர் வியர்வைக் கையில் உலோக ஊசி வழுக்கும். பருத்தி இழுத்துக் கொடுக்காத நூல் என்பதால் இறுக்கிப் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும். தளர்வாகவே போடுங்கள்.

சந்தைப் பைக்கு இங்கே உண்மையிலேயே தேவை இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் இலவசப் பிளாஸ்டிக் பைக்குத் தடை 2009-ல் திங்கட்கிழமைகளில் தொடங்கி, 2011-லிருந்து எல்லா நாளுக்கும் வந்துவிட்டது. பைக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த ஊசி. இரண்டு ஓரத்திலும் ஒரு கண்ணியைச் சாதாரணமாகப் பின்னி, நடுவில் 'நூலை மேலே போடு, இரண்டை ஒன்றாக்கு' என்று வரிசை முழுக்கப் போட்டால் வலை மாதிரி வரும். வாய்ப்பகுதியில் மட்டும் சாதாரணப் பின்னலில் சில வரிசைகள், அப்போதுதான் தாங்கும். நீள்சதுரமாகப் பின்னி, இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்தால் பை தயார். கைப்பிடியை நினைத்ததைவிடக் குட்டையாகப் பின்னுங்கள். வெங்காயமும் தேங்காயும் ஏறினால் அது நீளும். நீளம் சரியாக இருக்கிறதே என்று விட்டால் முழங்காலில் இடிக்கும்.

கோலாலம்பூர் பஸ்ஸில் ஏர்கான் எலும்பு வரை குளிரும். அதற்கு ஒரு சால்வை பின்னி வைத்திருக்கிறேன், அதே பின்னல்தான், அகலம் மட்டும் கூட.

இந்த ஊர் ஈரத்துக்குப் பாத்திரத் துணியைச் சிங்க் ஓரத்தில் சுருட்டி வைத்தால் மறுநாளே வாடை வரும். மூலைச் சதுரத்தின் ஓர ஓட்டை ஒன்றில் ஆணியைக் கோத்துத் தொங்கவிடுங்கள். மழை மாதங்களில் இரண்டு மூன்று துணி மாற்றி மாற்றிப் புழங்க வேண்டும். மிச்ச நூலை மூடி இறுகும் டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட்டுகளோடு போட்டு வைக்கலாம். பை மாதிரிப் பெரிதாகப் பின்ன நூல் வாங்கும்போது எல்லா உருண்டையிலும் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு இடும் எண்) ஒன்றேதானா என்று பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். அடுத்த வாரம் போனால் அதே நிறத்தில் அதே எண் இருக்காது.