பிரௌன் என்றால் ஒரு காலத்தில் பளபளப்பு

ஆங்கில நிறச்சொற்களின் வேரைத் தேடிப் போகிறவர்களை முதலில் குழப்புவது 'பிளாக்'. கறுப்பைச் சொல்லும் இதுவும், துணி வெளுக்கும் 'பிளீச்'சும், தீ கொழுந்துவிடும் 'பிளேஸ்'சும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றே மொழியியலாளர் பலர் கொள்கிறார்கள். அந்த வேருக்கு எரிதல், ஒளிர்தல் என்று பொருள். எரியும்போது வெளிச்சம், எரிந்தபின் கரி. இரண்டுக்கும் அங்கிருந்தே பெயர் கிடைத்தது.

ஆங்கிலத்தின் மிகப் பழைய வடிவமான பழைய ஆங்கிலத்தில் இது இன்னும் சிக்கல். உயிரொலி நீண்டால் வெளிறியது, ஒளிர்வது, குறுகினால் கறுப்பு. சுவடி எழுதியவர்கள் நெடிலைச் சீராகக் குறிக்கவில்லை. சில வேற்றுமை வடிவங்களில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதனால்தான் 'பிளேக்' என்ற குடும்பப்பெயருக்குக் கறுத்தவர், வெளிறியவர் என இரு பொருளும் சொல்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் எழுந்த பேயோவுல்ஃப் என்ற வீரகாவியத்தில் கத்தியின் விளிம்பும் தலைக்கவசமும் 'பிரூன்', அதாவது இன்றைய பிரௌன். துருப்பிடித்த ஆயுதம் என்று வாசித்தால் காட்சியே கெட்டுவிடும். தீட்டிய உலோகத்தின் மின்னல் அது. மெருகேற்றுவதைக் குறிக்கும் 'பர்னிஷ்' பிரெஞ்சு வழியாக இதே சொல்லிலிருந்து வந்தது. அதே காவியத்தில் குதிரை, பாதை, கடல் மூன்றும் 'ஃபெயலு'. மூன்றுக்கும் பொதுவான ஒரு சாயத்தைத் தேடிப் பயனில்லை. மங்கிய வெளிர் ஒளி என்று கொண்டால் மூன்றிலும் பொருந்தும். இச்சொல் இன்று 'ஃபேலோ' மானின் பெயரில் வாழ்கிறது. தரிசு நிலத்தைக் குறிக்கும் 'ஃபேலோ' வேறு சொல். இரண்டையும் ஒட்டவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 'வான்' (wan) என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் தலைகீழாகவே போனது: அன்று அண்டங்காக்கையின் இருள், இன்று நோயாளி முகத்தின் வெளிறல்.

ஆகவே ஒரு நிறச்சொல்லைப் பார்க்கும்போது இன்றைய பொருளை ஒதுக்கிவிட்டு, அது எந்தப் பெயர்ச்சொற்களோடு வருகிறது என்று முதலில் திரட்ட வேண்டும். பழைய ஆங்கிலத்துக்குப் போஸ்வொர்த்–டோலர் அகராதி இவற்றை மேற்கோள்களோடு தருகிறது. வாளும் கவசமும் நீரும் வரிசையாக வந்தால், அந்தச் சொல் சாயத்தைவிட ஒளியைப் பேசுகிறது என்று சந்தேகிக்கலாம்.

பழத்தோடு வந்த 'ஆரஞ்சு' வேறு வகை. சமஸ்கிருத நாரங்கம், பாரசீகம், அரபு, பிரெஞ்சு எனப் பயணித்த சொல்; அதன் தொடக்கம் திராவிட மொழிகளில், நம் நாரத்தைக்கு உறவாக இருக்கலாம் என்பது அகராதிகள் பலவற்றின் கருத்து. ஆங்கிலத்தில் பழத்தின் பெயராக முதலில் நுழைந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் நிறமானது. அதற்கு முன் அந்த நிறத்தைச் சிவப்போடு சேர்த்தே சொன்னார்கள். செம்மஞ்சள் மார்புள்ள ராபின் பறவை இன்றும் 'ரெட்பிரெஸ்ட்'தான்.