மேட்டில் இழுக்காத லேண்ட்மாஸ்டர்: கியர்பொக்ஸைத் திறக்க முன் பார்க்க வேண்டியவை

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் ஓடுகிற லேண்ட்மாஸ்டர் எனும் கை ட்ராக்டர்களில் பல கைமாறி வந்தவைதான் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். வாங்கும்போது சமதரையில் ஓட்டிக் காட்டுவார்கள், நன்றாகவே ஓடும். மலைச்சரிவில் வெட்டிய உருளைக்கிழங்குத் தட்டுக்கு ஏற்றினால், அல்லது பெட்டியில் பசளை மூட்டை ஏற்றினால் நின்றுவிடும். உடனே "கியர்பொக்ஸ் போய்விட்டது" என்று ஒரு தீர்ப்பு வரும். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. இழுவைக் கோளாறுகளில் அதிகமானவை கியர்பொக்ஸுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம்.

இங்கே சொல்வது எஸ்.195 ரக ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினும் (12 குதிரைவலு, 2000 சுற்று), வி-பெல்ட்டும், தட்டுக் கிளச்சும் உள்ள சீன வகை மெஷின்களைப் பற்றி. பெல்ட்டை இறுக்கும் உருளையே கிளச்சாக வேலை செய்கிற சின்ன மெஷின்களுக்குக் கிளச் பகுதி மட்டும் பொருந்தாது.

முதலில் கோளாறு இழுவையிலா, இன்ஜினிலா என்று பிரிக்க வேண்டும். மேட்டில் சுமையோடு நிற்கும்போது இன்ஜின் சத்தம் தாழ்ந்து, கரும்புகை தள்ளி, மூச்சு அடைத்து நின்றால் அது இன்ஜின் பக்கம். ஏர் கிளீனர், டீசல் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நொசில் என்று அங்கே பாருங்கள். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டில் 12 குதிரைவலு தந்த இன்ஜின் இங்கே அதைத் தராது, அது பழுதல்ல. மாறாக, இன்ஜின் சத்தம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்க, டயர் மட்டும் நின்றால் நடுவில் எங்கோ வழுக்குகிறது.

எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினை ஓடவிட்டுக் கையை நுழைக்க வேண்டாம். அணைத்துவிட்டே பார்க்கலாம். டீசல் டெப்பை மூடுங்கள், த்ரொட்டில் லீவரை நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெல்ட் மூடியைக் கழற்றி, சோக்கட்டியால் மூன்று கோடு போடுங்கள்: இன்ஜின் புல்லியிலிருந்து பெல்ட் மேலாக ஒன்று, கிளச் புல்லியிலிருந்து பெல்ட் மேலாக ஒன்று, சக்கர ஹப்பிலிருந்து அச்சு முனைக்கு ஒன்று. டயர்களுக்கு முன்னால் கனமான கல்லை அடையாக வைத்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளச் லீவரை விட்டுத் தட்டைக் கவ்வவிடுங்கள். ஒருவர் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகொம்ப்ரஷன் லீவரைக் கடைசிவரை பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்டார்ட் ஹேண்டிலை மெல்லச் சுற்றட்டும். இழுவை சரியாக இருந்தால் டயர் கல்லைத் தள்ளும், அல்லது ஹேண்டில் திரும்ப மறுக்கும். ஹேண்டில் இலேசாகச் சுற்றினால் கோடுகளைப் பாருங்கள். பெல்ட்டில் போட்ட கோடு புல்லியை விட்டு விலகினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டும் கிளச் புல்லியும் சேர்ந்து சுற்றி, அச்சு அசையாவிட்டால் கிளச், அல்லது அதற்கு உள்ளே. அச்சு சுற்றி ஹப் நின்றால் இரண்டையும் பூட்டும் சாவியோ ஹப் போல்ட்டோ போய்விட்டது, அது மலிவான வேலை.

பெல்ட்டின் நடுவில் நாலு விரலால் அழுத்தினால் 20 முதல் 30 மி.மீ. தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் இன்ஜினைப் பிடிக்கும் நாலு போல்ட்டையும் தளர்த்தி, இன்ஜினை முன்னே நகர்த்தி இறுக்குங்கள். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. ஒரு பக்கம் அதிகமாக நகர்ந்தால் இன்ஜின் கோணலாக நிற்கும், பெல்ட்டின் ஒரு விளிம்பு தேயும். இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நேராகத் தொடுகிறதா என்று பார்த்த பிறகு போல்ட்டை முறுக்குங்கள். இறுக்கம் சரியாக இருந்தும் வழுக்கினால் புல்லிக் காடியின் அடியைப் பாருங்கள். அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் பக்கங்களில் கவ்வாமல் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது. பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பெல்ட் மாற்றும்போது முழு செட்டையும் ஒரே இலக்கத்தில் மாற்றுங்கள். பழையதோடு ஒரு புதியதைச் சேர்த்தால், நீளாத புதியதே சுமை முழுவதையும் தாங்கிச் சீக்கிரம் அறும். ஒயில் பட்ட பெல்ட்டை சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம்.

கிளச்சில் பார்க்க வேண்டிய முதல் இடம், கிளச்சை விலக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்குக்கும் மூன்று சின்ன லீவர்களின் நுனிக்கும் இடையிலான இடைவெளி. கிளச் லீவரை விட்டு, தட்டு கவ்வியிருக்கும் நிலையில் அது 0.3 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் இரும்பு அறுக்கும் சாதாரண ஹெக்ஸோ பிளேட் உதவும். அதன் கனம் 0.6 மி.மீ.க்குச் சற்று அதிகம், ஆகவே அது உள்ளே நுழையக் கூடாது. இடைவெளியே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் லீவரை அழுத்திக்கொண்டிருக்கும்: தட்டு வழுக்கும், பேரிங் கருகும். அதிகமாக இருந்தால் கிளச் முழுதாக விடாது, கியர் போடும்போது கரகரக்கும். மூன்று நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மெஷின் உதறிக்கொண்டு புறப்படும். சரிசெய்தும் வழுக்கினால் தட்டைக் கழற்றுங்கள். ஒயில் ஊறியிருந்தால் தட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். கியர்பொக்ஸ் முன் அச்சின் ஒயில் சீல் ஒழுகுகிறது, அதை மாற்றாமல் போட்ட புதுத் தட்டும் ஊறிப்போகும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இழுக்கவில்லை, சுமையில் "டக் டக்" என்று அடிக்கிறது என்றால் ஸ்டியரிங் கிளச், அதாவது திரும்புவதற்காக அந்தப் பக்கச் சக்கரத்தை மட்டும் விடுவிக்கும் கிளச். கைப்பிடியை விட்ட பிறகும் கம்பி துருப்பிடித்து நிற்கிறதா, கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வு இல்லாவிட்டால் உள்ளே பற்கள் அரைகுறையாகவே கவ்வும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்வது சில நிமிட வேலை. சரிசெய்யாமல் ஓட்டினால் பற்களின் விளிம்பு உருண்டு, கடைசியில் கியர்பொக்ஸைத் திறக்கத்தான் வேண்டிவரும்.

இறக்கத்தில் இடது கைப்பிடியை அழுத்தினால் மெஷின் வலப்பக்கம் திரும்புவதைக் கண்டு பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பழுதல்ல. இறக்கத்தில் இன்ஜின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. இடப்பக்கத்தை விடுவித்தால் அந்தச் சக்கரம் தடையில்லாமல் வேகமாக உருளும், மெஷின் எதிர்ப்பக்கம் வளையும். நம்முடைய பாதைகளில் இதைத் தெரியாமல் ஓட்டுவது உயிராபத்து. செங்குத்தான இறக்கத்தில் கைப்பிடியை அழுத்தாமல் உடம்பு பலத்தால் திருப்புங்கள். இறங்க முதலே தாழ்ந்த கியரில் போடுங்கள், நடுவில் கிளச்சை விலக்கி இன்ஜினின் பிடியை இழக்காதீர்கள்.

அந்த இறக்கத்திலேயே கியர் தானாகக் கழன்றுவந்தால், லீவரின் ஸ்பிரிங்கும் குண்டும் முதல் சந்தேகம், அடுத்தது கியரை நகர்த்தும் ஃபோர்க், பிறகுதான் பற்கள். ஏறும்போது கியர் கழலாமல் இருந்து, இறங்கும்போது மட்டும் கழன்றால் பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது.

கியர்பொக்ஸைத் திறப்பதா வேண்டாமா என்பதை ஒயில் சொல்லும். மெஷினைக் கொஞ்சம் ஓட்டி, சூடு இருக்கும்போது வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். மாவு போன்ற மினுக்கம் சாதாரணம். காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, இனி ஓட்டாதீர்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயலில் ஓடிய மெஷின் என்றால் அச்சின் ஒயில் சீலைப் பாருங்கள். டீசல் ஊற்றி, ஹேண்டிலால் சுற்றிக் கழுவி, முழுதாக வடித்த பிறகு எஸ்ஏஇ 90 கியர் ஒயில் ஊற்றுங்கள். அளவுக்கம்பியைச் சமதரையில் வைத்தே பாருங்கள், தட்டுச் சரிவில் அது தவறாகக் காட்டும். சீல் வாங்கப் போகும்போது பழைய சீலில் அடித்திருக்கும் மூன்று இலக்கங்களையும் எழுதிக்கொண்டு போங்கள்: அச்சு, வெளிவிட்டம், கனம். சீலின் உதடு ஓடிய இடத்தில் அச்சில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், புதிய சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள். அதே பள்ளத்தில் வைத்தால் அடுத்த போகத்திலும் ஒழுகும்.