ஹுவாங்ஷானில் இறங்கினால் ஹுவாங்ஷான் இல்லை

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஒன்று இருக்கிறது, அங்கே போனால் கேணியும் கடலும்தான், மலையைத் தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் சீனாவுக்குப் போய் ஹுவாங்ஷான் என்ற மலையில் இரண்டு நாள் படி ஏறி இறங்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து கொக்குவிலில் எதிர்ப்படுகிற ஆட்கள் எல்லாரும் "எப்படிப் போனீங்கள், எவ்வளவு முடிஞ்சது" என்றே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் உளைகிறது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

பெறாமகன் ஹாங்சோவில் படிக்கிறான். "வாங்கோ சித்தப்பா, ஹுவாங்ஷான் பாப்பம்" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் போன நவம்பர் முதல் கிழமை நானும் மனுசியும் கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, கட்டுநாயக்கவிலிருந்து ஷாங்காய் போய்ச் சேர்ந்தோம். விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும், அது தனிக் கதை. ஷாங்காயில் பூடோங் விமான நிலையம் நகரத்தின் ஒரு கரையில், வேக ரயில் ஓடுகிற ஹோங்சியாவ் நிலையம் மறுகரையில். இரண்டாம் இலக்க மெட்ரோ ஒன்றே இரண்டையும் இணைக்கிறது என்றாலும், பெட்டிகளோடு ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் போகும். விமானம் இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் ரயில் பிடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள்.

ரயில் ரிக்கெட் பாஸ்போட் இலக்கத்தோடுதான் விற்பார்கள். எங்கள் ஆட்களின் பாஸ்போட்டில் அப்பா பெயரும் சொந்தப் பெயரும் சேர்ந்து ரயில் மாதிரியே நீண்டு கிடக்குமே, அதை இணையத்தில் அடிக்கும்போது ஒரு எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் அடையாள அட்டையைத் தட்டிவிட்டுப் போகிற இயந்திரக் கதவுகளில் நாங்கள் போய் முட்டிக்கொண்டு நிற்காமல், ஓரத்தில் ஆள் நிற்கிற வாசலுக்குப் போனால் பாஸ்போட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். ரயில் புறப்படச் சில நிமிடம் இருக்கும்போதே அந்த வாசலைப் பூட்டிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பெறாமகன் சோதனையில் இருந்தபடியால் தங்குமிடத்தை நானே இணையத்தில் பதிந்தேன். "ஹுவாங்ஷான் நகர மையம்" என்று போட்டிருந்தது, விலையும் மலிவு, வேறென்ன வேண்டும்? ரயிலில் ஏறி அரை மணித்தியாலம் கழித்து அவன் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "சித்தப்பா, நீங்கள் ரூம் போட்டது துன்ஷியில. மலை அங்கயிருந்து அறுபது எழுபது கிலோமீற்றர்!" விசயம் என்னவென்றால், 1987இல் அந்தப் பகுதி முழுவதற்கும் மலையின் பெயரையே வைத்து ஹுவாங்ஷான் நகரம் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த நகரத்தின் மையம்தான் துன்ஷி. ஊருக்குப் பெயர் மாறியது, மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படியாக எனக்கு அரை நாள் போச்சு. மனுசி ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அது இன்னும் மோசம்.

துன்ஷியில் ஒரு பழைய தெரு இருக்கிறது, கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் தேயிலைக் கடைகள். வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு மாதிரி முளைத்த டோஃபுவைத் தட்டில் போட்டுப் பொரித்து விற்கிறார்கள். அதைத்தான் விசேசமாகத் தின்கிறார்களாம். பெறாமகன் தின்றான், நான் கையில் இருந்த பருத்தித்துறை வடையோடு நிறுத்திக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது நல்ல சாட்டாகப் போய்விட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஹுவாங்ஷான் வடக்கு நிலையத்தில் இறங்கி, வெளியே வந்ததும் டாங்கோவ் போகிற பஸ்ஸில் ஏறுங்கள், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். டாங்கோவ்தான் மலையடிவாரம், தங்குவதென்றால் அங்கே தங்குங்கள். அங்கிருந்து மேலே சொந்த வாகனம் விடமாட்டார்கள், மலை நிர்வாகத்தின் பஸ், ஆளுக்கு 19 யுவான். யுன்கு பக்கம் ஒன்று போகும், யூபிங் பக்கம் இன்னொன்று. நாங்கள் யுன்குவில் கேபிள் காரில் ஏறி, மறுநாள் யூபிங் பக்கமாக இறங்கினோம். ஒரே வழியால் ஏறி அதே வழியால் இறங்கினால் பாதி மலையைப் பார்க்காமலே வந்துவிடுவீர்கள். அனுமதி 190 யுவான், குளிர்காலத்தில் 150. யுன்கு கேபிள் கார் 80. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று நடந்து ஏறினால் இரண்டரை, மூன்று மணித்தியாலம் படி. நான் மிச்சம் பிடிக்கவில்லை.

கேபிள் கார் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும், பிறகென்ன, சுற்றிப் பார்ப்பதுதானே என்றிருந்தேன். சிவனொளிபாதமலை 2243 மீற்றர், இங்கே மிக உயரமான தாமரைச் சிகரமே 1864தான், அதனால் கொஞ்சம் அலட்சியமும் இருந்தது. ஆனால் சிவனொளிபாதத்தில் ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம். இங்கே உச்சிக்குப் போன பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஒரு சிகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நூறு படி இறங்கி நூற்றைம்பது படி ஏற வேண்டும், பிறகு திரும்பவும் இறங்க வேண்டும். எல்லாமே வெட்டிய கல்லுப் படி. ஆகவே பெட்டியை டாங்கோவில் வைத்துவிட்டு ஒரு சின்னப் பையோடு போங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. மனுசி இரண்டு சேலை, ஒரு சுவெற்றர், ஒரு கிலோ பனங்கட்டி எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தாள், காவினது நான்.

காவுவது என்றால் என்ன என்று அங்கேதான் பார்த்தேன். மேலே உள்ள ஹொட்டேல்களுக்குப் போகிற அரிசி, மரக்கறி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஆட்களின் தோளில்தான் வருகிறது, அழுக்குப் படுக்கை விரிப்புகளும் அப்படியே கீழே போகின்றன. ஒருவர், என் வயது இருக்கும், மூங்கில் தண்டின் இரண்டு பக்கமும் சுமை கட்டி ஏறி வந்தார். மற்றக் கையில் ஒரு கவைத்தடி. இளைப்பாற வேண்டுமென்றால் சுமையை இறக்குவதில்லை, கவைத்தடியைப் படியில் ஊன்றி, தண்டை அதன் கவையில் ஏற்றி, தோளை மட்டும் விடுவித்துக்கொள்கிறார். சுமை அந்தரத்தில் நிற்கிறது, மனிதர் முகம் துடைக்கிறார், ஒரு நிமிடத்தில் திரும்பவும் தோள் கொடுத்துப் போகிறார். அதைப் பார்த்த பிறகு மேலே ஒரு கோப்பை நூடில்ஸுக்குக் கீழே விற்பதைவிடப் பல மடங்கு விலை கேட்டபோது நான் பேரம் பேசவில்லை.

மேலே ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். அறை விலை கூட, அதனால் நாங்கள் அடுக்குக் கட்டில் போட்ட பொது அறையில் படுத்தோம், குளிருக்குத் தடித்த போர்வை தருகிறார்கள். ஐந்து மணிக்கே எல்லாரும் எழும்பிப் போகிற சத்தத்தில் நீங்களும் எழும்பிவிடுவீர்கள். இந்த மலையில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மூடுபனி, சூரியன் தெரிவது அதிர்ஷ்டம். எங்களுக்கு முதல் நாள் மழை, ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் சிங்கச் சிகரத்துப் பக்கம் போனால் மேகம் முழுக்கக் காலுக்குக் கீழே. பாறைகள் மட்டும் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டு, ஊர்காவற்றுறையிலிருந்து தீவுகளைப் பார்க்கிற மாதிரி. மனுசி அப்போதுதான் என்னோடு கதைத்தாள். "இஞ்சாருங்கோ, ஒரு படம் எடுங்கோ."

இனிச் சில்லறை விசயங்கள். போனில் காசு கட்டுகிற அலிபே கணக்கை ஊரிலேயே திறந்து வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள், கூகுள் வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். ஒக்டோபர் முதல் கிழமை அவர்களுக்குத் தேசிய விடுமுறை, அந்த நாட்களில் போனால் மலையில் முதுகுகளைத்தான் பார்க்கலாம். சைவக்காரர் "வோ ச்சர் சு" என்று சொல்லப் பழகுங்கள், அப்படிச் சொன்னாலும் மரக்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடக்கூடும், கேட்டுச் சாப்பிடுங்கள். சுடுதண்ணீர் எங்கேயும் சும்மா கிடைக்கும். அங்கத்தைய மாவோஃபெங் பச்சைத் தேயிலையைச் சுடுதண்ணீரில் போட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். பனங்கட்டி கொண்டு வந்ததற்கு அந்த நேரம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

'மேற்குக் கடல்' என்று பெயர் வைத்த பள்ளத்தாக்கில் இறங்கி ஏறத் தெம்பில்லாதவர்களுக்கு அடியிலிருந்து மேலே வர ஒரு மலை ரயில் இருக்கிறது, குளிர்காலத்தில் ஓடாது. யூபிங் பக்கம் விருந்தினரை வரவேற்கும் பைன் மரம் நிற்கிறது, ஒரு கிளையைக் கை நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டு. அந்த ஒரு மரத்தைக் கவனிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள், மரத்துக்குப் பக்கத்திலேயே தங்குகிறார். தாமரைச் சிகரத்தையும் தியெந்து சிகரத்தையும் மாற்றி மாற்றிச் சில வருடம் பூட்டி ஆறவிடுவார்கள். நாங்கள் போனபோது ஒன்று பூட்டு, மற்றதை என் முழங்கால் பூட்டிவிட்டது.

யூபிங்கிலிருந்து இறங்கும்போதாவது நடப்போம் என்று பெறாமகன் சொன்னான். இருபது படி பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்கிப் பார்த்துவிட்டு, நான் திரும்பி ஏறிக் கேபிள் கார் ரிக்கெட் வரிசையில் நின்றேன். ஆளுக்கு 90 யுவான். அவன் நடந்துதான் இறங்கினான், கீழே பஸ் நிற்கிற இடத்தில் அவனுக்காக இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம், மிச்சமிருந்த வடை அங்கே முடிந்தது.